போல்ட் ஏறினா போதுமா?

கிட் கார் கட்டுற யாரையாவது பிடிச்சுக் கேட்டுப் பாருங்க. எஞ்சின் எது, கியர்பாக்ஸ் எது, சேஸிஸ் குழாய் எத்தனை மி.மீ. தடிமன், வெல்டிங் மிக்கா டிக்கா, எல்லாத்துக்கும் அரை மணி நேரம் பதில் வரும். "சரி, இந்த வீலை எப்படித் தேர்ந்தெடுத்தீங்க?"ன்னு கேளுங்க. பெரும்பாலும் ரெண்டே பதில்தான். "பார்க்க மாஸா இருந்துச்சு." "போல்ட் ஏறிடுச்சு."

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். கிட் காரில் வீலையும் டயரையும் கடைசியா வாங்கக் கூடாது. வண்டியோட டிசைனே அங்கிருந்துதான் ஆரம்பிக்கணும். வீல் ஆஃப்செட்ங்கறது அலாய் கடைக்காரர் சொல்ற ஏதோ ஒரு எண் கிடையாது. அது ஒரு சஸ்பென்ஷன் அளவு. அதை அளக்காம வீல் வாங்கறதும், கண்ணை மூடிக்கிட்டு சஸ்பென்ஷன் ஆர்மோட நீளத்தை மாத்தறதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

இதை மெக்கானிக்கல் பசங்க மட்டும் படிக்கலைன்னு தெரியும். அதனால கிட் கார்னா என்னன்னு சுருக்கமா பார்த்துட்டுப் போகலாம்.

கம்பெனி செஞ்ச எண், நாம செய்யற எண்

1957-ல பிரிட்டனில் லோட்டஸ் செவன்னு ஒரு கார் வந்துச்சு. கதவு கிடையாது, கூரை பேருக்குத்தான். பாகங்களா வாங்கி வீட்டுலயே கோர்த்துக்கலாம். அப்படி வாங்கினா முழு காருக்கான வரி கிடையாது. 1973-ல அதோட உரிமையை கேட்டர்ஹாம் வாங்கினாங்க. இன்னைக்கும் பிரிச்ச பாகங்களா விக்கறாங்க. 1996-ல ரான் சாம்பியன் எழுதின புத்தகம் ஒண்ணு, 250 பவுண்டுக்கு நீயே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம்னு சொல்லிச்சு. அந்த வகை வண்டிக்கு "லோகாஸ்ட்"னே பேர் நின்னு போச்சு. சேஸிஸை நீங்களே வெல்டு பண்ணணும். எஞ்சின், ஆக்சில், ஹப் எல்லாம் ஒரு பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டிலிருந்து வரும். அந்தப் பழைய காருக்கு டோனர் கார்னு பேரு.

பிரச்சினை இங்கதான் ஆரம்பிக்குது. எஸ்கார்ட்டோட ஹப், எஸ்கார்ட்டோட சஸ்பென்ஷன், எஸ்கார்ட்டோட மட்கார்ட், இந்த மூணுக்கும் நடுவுல வீல் எங்க உட்காரணும்னு ஃபோர்டுல ஒரு பொறியாளர் கணக்குப் போட்டு ஒரு எண் கொடுத்திருப்பார். லோகாஸ்ட்டில் ஹப் மட்டும்தான் அவரோடது. விஷ்போன் உங்களோடது. மட்கார்ட் இன்னொருத்தரோடது. வண்டி எடையும் டோனர் காரைவிட ரொம்பக் குறைவு. அவர் போட்ட கணக்கு இங்க செல்லாது. திரும்பக் கணக்குப் போட வேண்டிய பொறியாளர் யாருன்னு தேடாதீங்க. அது நீங்கதான்.

4×108 என்கிற பொறி

ஒரு வீல் ஒரு ஹப்பில் ஏறுமான்னு பார்க்க எல்லாரும் முதல்ல பார்க்கறது பி.சி.டி., அதாவது ஸ்டட்கள் உட்கார்ந்திருக்கிற வட்டத்தோட விட்டம். எஸ்கார்ட்டுக்கு 4×108. நாலு ஸ்டட், 108 மி.மீ. வட்டம்.

அதுக்கப்புறம் வந்த ஃபோர்டுகளில் பலதுக்கும் அதே 4×108தான். ஃபியஸ்டா, முதல் தலைமுறை ஃபோகஸ், ஏன், நம்ம மறைமலை நகரில் செஞ்ச ஃபிகோவும் ஈகோஸ்போர்ட்டும்கூட. ஆக, ஒரு புது ஃபோர்டு வீலை எடுத்து லோகாஸ்ட் ஹப்பில் வெச்சா, நாலு நட்டும் சமத்தா ஏறும். கை தட்டிட்டு போட்டோவும் எடுத்துடுவோம்.

ஆனா பழைய எஸ்கார்ட் பின்சக்கரத்தால் ஓடுற கார். அதோட வீல் ஆஃப்செட் குறைவு. பின்னால வந்தவை எல்லாம் முன்சக்கரத்தால் ஓடுறவை. இந்த மாதிரி கார்களில் ஆஃப்செட் 35, 40, 50 மி.மீ.ன்னு அதிகமா இருக்கும். விளைவு என்ன? அதே நட், அதே ஹப், ஆனா வீல் மொத்தமா உள்ளே தள்ளி உட்காரும். நேரா நிக்கும்போது ஒண்ணும் தெரியாது. ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சுப் பாருங்க, டயர் விஷ்போனைத் தேடிப் போய் முத்தம் கொடுக்கும். போல்ட் ஏறுறது ஒரே ஒரு கேள்விக்கான பதில். மிச்சக் கேள்விகளை நீங்க இன்னும் கேட்கவே இல்லை.

ஆஃப்செட்: அஞ்சு நிமிஷக் கணக்கு

வீலை நடுவுல ரெண்டா அறுத்த மாதிரி நினைச்சுக்கங்க. அகலத்தோட சரியான மையத்தில் ஒரு கோடு. ஹப்போட ஒட்டுற முகம் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கு? அந்த தூரம்தான் ஆஃப்செட். முகம் வெளிப்பக்கமா இருந்தா பாசிட்டிவ், உள்பக்கமா இருந்தா நெகட்டிவ், கோட்டிலேயே இருந்தா சைபர். வீலில் "ஈடி 40"ன்னு போட்டிருந்தா 40 மி.மீ. பாசிட்டிவ். ஜெர்மன் சொல்லின் சுருக்கம் அது.

எண் கூடினா வீல் உள்ளே போகும். குறைஞ்சா வெளியே வரும். இதுவரைக்கும் எல்லாருக்கும் தெரியும். பலர் மறக்கறது, ரிம்மோட அகலம் மாறினாலும் இந்தக் கணக்கு மாறும்ங்கறதைத்தான்.

மஸ்டா எம்.எக்ஸ்-5 இன்னைக்கு நிறைய கிட் கார்களுக்கு டோனர். அதோட ரெண்டாம் தலைமுறையில் ஒரு வீல் 6 அங்குல அகலம், ஈடி 40. நீங்க 7 அங்குலம், ஈடி 25 வீல் ஒண்ணைப் பார்த்து ஆசைப்படறீங்கன்னு வைங்க. அகலம் 1 அங்குலம் கூடுது, அதாவது பக்கத்துக்கு 12.7 மி.மீ. ஆஃப்செட் 15 மி.மீ. குறையுது. உள்பக்கம்: 12.7 கூடி 15 குறையுது, ஆக முன்னைவிட 2.3 மி.மீ. இடைவெளி கிடைக்குது. வெளிப்பக்கம்: 12.7 கூட்டல் 15, மொத்தம் 27.7 மி.மீ. வெளியே துருத்தும். உள்ளே மட்டும் பார்த்துட்டு "சூப்பர், இடிக்கலை"ன்னு சொன்னவர், மட்கார்ட் பக்கம் போய்ப் பார்த்தா தலையில கை வெப்பார்.

அமெரிக்கக் கிட்களில் இதையே "பேக்ஸ்பேசிங்"னு அங்குலத்தில் சொல்வாங்க. ஹப் முகத்திலிருந்து ரிம்மோட உள் விளிம்பு வரைக்குமான தூரம் அது. 7 அங்குல ரிம்னா டயர் உட்கார்ற அகலம்தான் 7. விளிம்போட சேர்த்து சுமார் 8 அங்குலம், அதாவது 203 மி.மீ. அதில் பாதி 101.6. ஈடி 35னா 136.6 மி.மீ., சுமார் 5.4 அங்குல பேக்ஸ்பேசிங். அந்த 1 அங்குல விளிம்பை மறந்துட்டு 7-ஐ பாதியாக்கினா, 12.7 மி.மீ. தப்பாயிடும். டயர் உரசறதுக்கு அது தாராளம்.

உரசலைன்னா பிரச்சினை இல்லையா?

இருக்கு. எனக்கு இதுதான் பெரிய கவலை. உரசினா சத்தம் கேட்கும், நிறுத்திப் பார்ப்போம். உரசாத தப்பு சத்தம் போடாது.

முன்வீல் திரும்புறது மேல், கீழ் பால் ஜாயிண்டுகள் வழியாப் போற ஒரு கோட்டைச் சுத்தி. அந்தக் கோட்டைத் தரை வரைக்கும் நீட்டுங்க. அது தரையைத் தொடுற புள்ளிக்கும், டயர் தரையைத் தொடுற பகுதியோட மையத்துக்கும் நடுவுல இருக்கிற தூரம் ஸ்க்ரப் ரேடியஸ். ஆஃப்செட்டை 15 மி.மீ. குறைச்சா, டயர் மையம் 15 மி.மீ. வெளியே போகும். பிரேக் பிடிக்கும்போது தரை டயரைப் பின்னால இழுக்குற விசைக்கு அவ்வளவு நீளமா ஒரு நெம்புகோல் கொடுத்துட்டீங்க.

ரெண்டு பக்கமும் சமமா பிடிச்சா ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். ஒரு வீல் நல்ல தார் ரோட்டிலயும், இன்னொண்ணு மணல்லயும் இருந்தா? ஒரு பக்கம் 1500 நியூட்டன், மறுபக்கம் கிட்டத்தட்ட ஒண்ணுமில்லைன்னு வைங்க. 1500 × 0.015 = 22.5 நியூட்டன் மீட்டர். ஏற்கெனவே இருக்கிற இழுப்போட இதுவும் சேர்ந்து ஸ்டீயரிங்கைப் பிடுங்கும். எப்போ? சடன் பிரேக் அடிக்கிற அந்த நொடியில். கை நடுங்கக் கூடாத நேரம் அது.

அடுத்து வீல் பேரிங். டோனர் காரில் வீலோட சுமை பேரிங் ஜோடிக்கு நடுவுல, ஒரு குறிப்பிட்ட இடத்தில் விழற மாதிரி டிசைன் பண்ணியிருப்பாங்க. வீலை வெளியே தள்ளினா அந்தச் சுமை வெளியே நகர்ந்து, ஹப்பை வளைக்கப் பார்க்கும். மெஷின் டிசைன் பேப்பரில் எல்10 ஆயுள் சமன்பாடு போட்டு மார்க் வாங்கினோமே, ஞாபகம் இருக்கா? பால் பேரிங்கில் சுமைக்கு மூணாம் அடுக்கு. ஒரு பேரிங் மேல சுமை 20 சதவீதம் கூடினா, 1.2-ஐ மூணு தடவை பெருக்கி 1.728. ஆயுள் 58 சதவீதத்துக்கு இறங்கிடும். எக்ஸாமுக்கு எழுதினதைக் கேரேஜில் மறக்கறதுக்கா நாலு வருஷம் படிச்சோம்?

"அதே கிட், அவருக்கு ஃபிட் ஆச்சே"

அடிக்கடி கேட்கற இன்னொரு வாதம் இது. இதே கிட்டைக் கட்டின ஒருத்தர் இந்த வீல் போட்டிருக்கார், அதனால எனக்கும் சரியா வரும்.

அமெரிக்காவில் ஃபேக்டரி ஃபைவ் ரேசிங் விக்கிற கோப்ரா ரெப்ளிகா கிட்டை எடுத்துக்கங்க. காலங்காலமா அதுக்கு டோனர் ஃபோர்டு மஸ்டாங். 1979-லிருந்து 93 வரை வந்த மஸ்டாங்கோட பின் ஆக்சிலைவிட, 1994-ல வந்த அடுத்த மாடலோட ஆக்சில் பக்கத்துக்கு சுமார் முக்கால் அங்குலம் நீளம். அதாவது 19 மி.மீ. கிட் ஒண்ணு, பாடி ஒண்ணு, வீலும் ஒண்ணு. டோனர் பிறந்த வருஷம் மட்டும் வேற. ஒருத்தருக்கு அளவெடுத்துத் தெச்ச சட்டை மாதிரி உட்காருது, இன்னொருத்தருக்கு 19 மி.மீ. வெளியே எட்டிப் பார்க்குது. அந்த நண்பர் பொய் சொல்லலை. அவர் வண்டியோட விடை உங்க வண்டிக்குப் பொருந்தாது, அவ்வளவுதான்.

டயர்: விரலுக்கேத்த வீக்கம்

அகலமான டயர்னா நல்ல டயர்ங்கற நம்பிக்கை நம்ம பசங்க கிட்ட ரொம்ப ஆழமா இருக்கு. கேட்டர்ஹாம் செவன் 160-ன்னு ஒரு மாடல் இருந்துச்சு. 660 சி.சி. சுசூகி டர்போ எஞ்சின், எடை 490 கிலோ. ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனியே போட்ட டயர் என்ன தெரியுமா? 155/65 ஆர்14. நம்ம தெருவில் ஓடுற ஆல்ட்டோவோட 145-ஐ விட 10 மி.மீ. தான் அதிகம். எடை குறைஞ்ச வண்டியில் ரொம்ப அகலமான டயர் போட்டா அது சூடாகவே மாட்டேங்கும், தண்ணியில் மிதக்கப் பார்க்கும், வீலோட எடையும் கூடும். வீக்கமும் விரலுக்கு ஏத்த மாதிரிதான் இருக்கணும்.

விட்டமும் முக்கியம். எம்.எக்ஸ்-5 முதல் தலைமுறையில் 185/60 ஆர்14. பக்கச்சுவர் 185-ல 60 சதவீதம், 111 மி.மீ. அது ரெண்டு தடவை, கூட 14 அங்குல ரிம்முக்கு 355.6. மொத்தம் 577.6 மி.மீ. அடுத்த தலைமுறையில் வந்த 195/50 ஆர்15-க்கு இதே கணக்கைப் போட்டா 576 மி.மீ. ரிம் ஒரு அங்குலம் பெருசாச்சு, டயர் வெளி விட்டம் 2 மி.மீ. கூட மாறலை. கம்பெனி பொறியாளர்கள் வேலை செய்யறது இப்படித்தான்.

நீங்க அதே இடத்தில் 205/50 ஆர்16 போட்டா 611.4 மி.மீ. மட்கார்டுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளி குறையும், கியரிங் கிட்டத்தட்ட 6 சதவீதம் நீளும், ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நீங்க 106-ல போயிட்டு இருப்பீங்க.

அழகுக்கு இடமே இல்லையா?

இருக்கு. கிட் காரை யாரும் ஆபீஸ் போய் வரக் கட்டறதில்லை. ஆசைக்குத்தான் கட்டறோம். கோப்ராவோட பின்பக்க வளைவுக்குள்ள ஒல்லி வீல் போட்டா பார்க்கவே பாவமா இருக்கும், ஒத்துக்கறேன். ஆனா அழகு வேணும்னா அதுக்கான வழி, ஆக்சில் நீளத்தையும் விஷ்போனையும் அந்த வீலுக்கு ஏத்த மாதிரி முதல்லயே டிசைன் பண்றது. வண்டி முடிஞ்ச பிறகு ஸ்பேசர் அடுக்கி வீலை வெளியே தள்ளறது அகலக்கால் வைக்கற வேலை.

ஸ்பேசரே பாவம்னு நான் சொல்லலை. ஹப்போட மையத்தில் கச்சிதமா உட்கார்ற, நல்லா மெஷின் பண்ணின ஸ்பேசர், அதுக்கேத்த நீளமான ஸ்டட், இது ரெண்டும் இருந்தா அது நேர்மையான தீர்வுதான். ஆனா பழைய ஸ்டட்டில் 10 மி.மீ. ஸ்பேசரைச் சொருகினா, நட் பிடிக்கிற மரையில் 10 மி.மீ. காணாமப் போகும். 12 மி.மீ. ஸ்டட்டுக்கு குறைஞ்சது 12 மி.மீ. மரை பிடிக்கணும். 1.5 பிட்ச்னா 8 சுத்து. நட்டைக் கையால சுத்தி எண்ணிப் பாருங்க. மூணு சுத்துல நின்னா அந்த வண்டியை நகர்த்தாதீங்க. நட்டோட அடிப்பகுதி கூம்பா, உருண்டையா, தட்டையான்னும் பாருங்க. வீலோட குழியும் அதே வடிவத்தில் இல்லைன்னா, எவ்வளவு முறுக்கினாலும் ஒரு நாள் தளரும்.

அப்போ எப்படித்தான் அளக்கறது?

முதல்ல டயர். வண்டி எடைக்கு ஏத்த அளவு, அதுவும் கடையில் தொடர்ந்து கிடைக்கிற அளவு. அடுத்து, டயர் கம்பெனி அட்டவணையில் அந்த டயருக்கு அனுமதிச்ச ரிம் அகலம். ரிம் அரை அங்குலம் கூடினா டயரோட அகலமும் சுமார் 5 மி.மீ. விரியும்ங்கறதையும் கணக்கில் வைங்க.

அப்புறம் ஸ்பிரிங்கைக் கழட்டிட்டு சஸ்பென்ஷனை மாட்டுங்க. ஜாக்கி வெச்சு முழுசா மேலே, முழுசா கீழே, நடுவுலன்னு மூணு நிலையிலயும், ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சும் பாருங்க. ஹப் முகத்தில் ஒரு நேர்ப்பலகை வெச்சு, உள்ளே எது முதல்ல இடிக்கும், வெளியே மட்கார்ட் எங்க இருக்குன்னு அளங்க. ஒரு ரசமட்டம், ஒரு ஸ்டீல் ஸ்கேல், டயரோட குறுக்குவெட்டை முழு அளவில் வெட்டின ஒரு அட்டை போதும்.

உதாரணம். டயர் அகலம் 200 மி.மீ., பாதி 100. உள்ளே முதல்ல இடிக்கிற பாகம் ஹப் முகத்திலிருந்து 135 மி.மீ. 10 மி.மீ. இடைவெளி விட்டா 125. ஆக, 100 கூட்டல் ஈடி 125-ஐத் தாண்டக் கூடாது. ஈடி அதிகபட்சம் 25. வெளியே மட்கார்ட் 90 மி.மீ., 10 விட்டா 80. ஆக, 100 கழித்தல் ஈடி 80-ஐத் தாண்டக் கூடாது. ஈடி குறைஞ்சபட்சம் 20. முடிஞ்சுது. உங்க வண்டிக்கு ஈடி 20-லிருந்து 25 வரைக்கும்தான். வெறும் 5 மி.மீ. ஜன்னல். ஆஃபரில் கிடைக்குதுன்னு ஈடி 40 வீலை வாங்கினா, டயர் 140-ல போய் நிக்கும், 135-ல இருக்கிற பாகத்தை 5 மி.மீ. தின்னுடும்.

இதே கணக்கை ரிம்முக்கும் தனியாப் போடணும். பிரேக் கேலிப்பருக்கும் ஸ்போக்குக்கும் உள்ள இடைவெளியை மட்டும் ஆஃப்செட் சொல்லாது. ஒரே ஈடி உள்ள ரெண்டு வீலில் ஸ்போக் வளைவு வேறயா இருக்கலாம். அதை வெச்சுப் பார்த்துத்தான் ஆகணும்.

நமக்கு என்ன?

"நாங்க கிட் கார் கட்டலையே"ன்னு சொல்லாதீங்க. கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்குற ஃபார்முலா பாரத்துக்கு வண்டி கட்டற ஒவ்வொரு டீமும், பாஹா டீமும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்யறாங்க. சொந்த சேஸிஸ், வெளியே வாங்கின வீல், நடுவுல நாம டிசைன் பண்ணின ஹப். ஃபார்முலா ஸ்டூடன்ட் விதியில் சின்ன டிராக் பெரிய டிராக்கில் 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஆஃப்செட்டில் 1 மி.மீ. மாறினா டிராக்கில் 2 மி.மீ. மாறும். ஆக, வீல் வாங்கற முடிவு ஸ்பான்சர் டீமோட முடிவு இல்லை, சஸ்பென்ஷன் டீமோட முடிவு.

பிரிட்டனில் வீட்டில் கட்டின காரை ரோட்டுக்குக் கொண்டு வரணும்னா ஐ.வி.ஏ.ன்னு ஒரு சோதனை. டயர் எங்கேயாவது உரசுதான்னு ஒரு ஆய்வாளர் குனிஞ்சு பார்ப்பார். நம்ம ஒர்க்‌ஷாப்பில் ராத்திரி பதினோரு மணிக்கு டெஸ்ட் ரன் எடுக்கும்போது அப்படி ஒருத்தர் கிடையாது. அந்த சீட்டில் பெல்ட் மாட்டிட்டு உட்கார்றது உங்க ரூம்மேட். அவன் உங்க கணக்கை நம்பித்தான் பிரேக்கை மிதிக்கப் போறான்.

அதனால ஒரே ஒரு கோரிக்கை. அடுத்த தடவை டீம் வாட்ஸ்அப் குரூப்பில் ரெண்டு வீல் போட்டோ போட்டு "எது மாஸ்?"னு ஓட்டெடுப்பு வைக்கும்போது, ஒவ்வொரு போட்டோவுக்குக் கீழயும் நாலு எண் எழுதுங்க: ரிம் அகலம், ஈடி, உள்ளே எத்தனை மி.மீ. மிச்சம், வெளியே எத்தனை மி.மீ. மிச்சம். எண் இல்லாத போட்டோவுக்கு ஓட்டுப் போடாதீங்க.